தீர்ப்பு மாறியது, ஊரார் மனம் மாறியதா?



வேலை தேடி ஊரை விட்டு ரயிலேறியவர்கள் நாம். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஜாம்ஷெட்பூரிலும் இன்று நிலைபெற்றுவிட்ட தமிழ்க் குடும்பங்களில், முதன்முதலில் ஒரு தகரப் பெட்டியுடன் வந்திறங்கிய ஓர் இளைஞனின் கதை இல்லாத குடும்பம் அரிது. அயலூரில் புதிதாய் வந்தவன் மீது ஒரு பழி விழுமானால், அதைத் துடைக்கத் துணை நிற்பதற்கு அவனுக்கு ஆள் இல்லை என்பதையும் நாம் அறிவோம். ஆகையால், வேலை தேடி ரயிலேறிய ஒன்பது சிறுவர்களின் வரலாற்றை நான் கூறப் புகும்போது, அது அமெரிக்க நாட்டில் நிகழ்ந்ததாயினும், நமக்கு முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது என நம்புகிறேன்.

1931-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25-ஆம் நாள், டென்னஸி மாநிலத்துச் சட்டனூகா நகரிலிருந்து மெம்பிஸ் நோக்கி ஒரு சரக்கு ரயில் புறப்பட்டது. உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்திருந்த காலம் அது. பயணச்சீட்டு வாங்கக் காசில்லாத வேலையற்றோர் சரக்கு வண்டிகளில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தனர். அந்த வண்டியிலும் வெள்ளை இளைஞர் சிலரும் கறுப்பினச் சிறுவர் பலரும் இருந்தனர். வழியில் இரு கூட்டத்தாருக்கும் கைகலப்பு மூண்டது. வெள்ளை இளைஞர்கள் வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டார்கள். அவர்கள் ஒரு நிலையத்தில் முறையிட, அலபாமா மாநிலத்தின் பெயிண்ட் ராக் என்னும் சிற்றூரில், ஆயுதந்தாங்கிய ஊரார் வண்டியை நிறுத்திச் சோதனையிட்டு, கைக்கு அகப்பட்ட ஒன்பது கறுப்பினச் சிறுவர்களைப் பிடித்துக் கட்டினர். அதே வண்டியில் வந்த இரு வெள்ளைப் பெண்கள், இச்சிறுவர்கள் தம்மைக் கெடுத்ததாகக் குற்றஞ்சாட்டினார்கள்.

ஒன்பது பேரில் இளையவர்களான ராய் ரைட், யூஜின் வில்லியம்ஸ் ஆகிய இருவருக்கும் வயது 13-ஐத் தாண்டவில்லை. மூத்தவனுக்கு 20-ஐத் தாண்டவில்லை. ஓலன் மாண்ட்கோமரி என்பவனுக்குக் கண்பார்வை பெரும்பாலும் இல்லை. வில்லி ராபர்ஸன் நோயினால் நடக்கவே தடுமாறியவன். நால்வர் ஒரே ஊரினர். மற்ற ஐவரோ ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஒரே வண்டியில் வந்தார்கள் என்பதைத் தவிர அவர்களுக்குள் தொடர்பு ஏதும் இல்லை.

ஸ்காட்ஸ்பரோ என்னும் ஊர்ச் சிறையில் அவர்கள் அடைக்கப்பட்டதும், சிறையைச் சூழ்ந்து பெருங்கூட்டம் திரண்டது. விசாரணை ஏதுமின்றி மரத்தில் தூக்கிலிடும் கொடுமை அக்காலத்தில் அப்பகுதியில் சாதாரணமாக நிகழ்ந்தது. மாநில ஆளுநர் படையை அனுப்பியதால் சிறுவர்கள் அன்றிரவு உயிர் பிழைத்தார்கள். ஆயினும் கூட்டத்தின் அவசரம் நீதிமன்றத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. கைதாகிப் பன்னிரண்டே நாளில், ஏப்ரல் 6-ஆம் தேதி, விசாரணை தொடங்கிற்று. சிறுவர்களுக்காக நின்ற வழக்கறிஞர் இருவர். ஒருவர் வெளி மாநிலத்தவர். நிலபுலப் பத்திரங்கள் எழுதிப் பழகியவர். மற்றவர் தள்ளாத வயதினர். கட்சிக்காரர்களுடன் அமர்ந்து பேசவே அவர்களுக்குப் போதிய அவகாசம் இருக்கவில்லை. நான்கு நாளில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. முதல் தீர்ப்பு வெளியானபோது வெளியே நின்ற மக்கள் எழுப்பிய ஆரவாரம், அடுத்த வழக்கை விசாரித்துக்கொண்டிருந்த ஜூரிகளின் செவியில் விழுந்தது. ராய் ரைட்டைப் பொறுத்தவரை, அவன் சிறுவன் என்பதால் ஆயுள் தண்டனை போதும் என்று அரசு வழக்கறிஞரே கேட்டிருந்தார். ஜூரிகளில் பெரும்பாலோர் மரண தண்டனையே வேண்டும் என்று பிடிவாதம் செய்ததால், அவன் வழக்கு முடிவின்றிக் கலைந்தது.

இவ்வழக்கில் நாம் கவனிக்கவேண்டுவது தீர்ப்பை மட்டுமன்று. அந்தத் தீர்ப்புகள் ஒவ்வொன்றாய் மாற்றப்பட்டபோது மக்கள் என்ன செய்தார்கள் என்பதையே.

1932-ஆம் ஆண்டு மார்ச்சில் அலபாமா உச்ச நீதிமன்றம், யூஜின் வில்லியம்ஸ் வயது வராதவன் என்ற காரணத்தால் அவனுக்கு விதித்த தண்டனையை மட்டும் நீக்கி, ஏனைய எழுவரின் தண்டனையை உறுதி செய்தது. அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழு தண்டனைகளையும் ரத்து செய்தது. மரண தண்டனைக்குரிய வழக்கில், தமக்கென வழக்கறிஞர் அமர்த்திக்கொள்ள இயலாத எளியவர்களுக்குப் பயனுள்ள சட்ட உதவி அளிக்காமல் தண்டிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்பதே அத்தீர்ப்பின் சாரம். பவல் வழக்கு என இன்றும் சட்ட மாணவர் அனைவரும் பயிலும் தீர்ப்பு இதுவே.

உலகின் பல பாகங்களிலும் இச்சிறுவர்களுக்காகக் குரல் எழுந்தது. ஐன்ஸ்டைனும் தாமஸ் மன்னும் ஆதரவாகக் கையொப்பமிட்டனர். ஆண்டி, ராய் ஆகிய இரு மைந்தர்களையும் சிறையில் விட்டுவிட்டு, ஏடா ரைட் என்னும் எளிய தாய் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் சுற்றுப்பயணம் செய்து கூட்டங்களில் பேசினார். ஆனால் சிறுவர்களை மீண்டும் விசாரிக்கப்போகிறவர்கள் ஐரோப்பியர் அல்லர்; அலபாமா மாநிலத்து ஜூரிகளே. வெளியிலிருந்து வந்த கண்டனம் அங்கே வேறுவிதமாக விளைந்தது. "நம் ஊர் விஷயத்தில் தலையிட இவர்கள் யார்?" என்னும் ரோஷம் கிளர்ந்தது. சிறுவர்களுக்காக வாதாடப் பொதுவுடைமையாளர்களின் சட்ட உதவிச் சங்கம் முன்வந்ததும், நியூயார்க்கிலிருந்து சாமுவேல் லீபோவிட்ஸ் என்னும் யூத வழக்கறிஞர் வந்ததும் அந்த ரோஷத்துக்கு நெய் வார்த்தன.

1933-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் டெகேட்டர் நகரில் மறு விசாரணை நடந்தது. குற்றஞ்சாட்டிய இரு பெண்களில் ஒருவரான ரூபி பேட்ஸ் சாட்சிக் கூண்டில் ஏறி, தம் மீது எவரும் கை வைக்கவில்லை என்றும், தாம் முன்னர் கூறியது பொய் என்றும் சொன்னார். பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டவரே மறுத்த பின்பு வழக்கில் எஞ்சியது என்ன என்று நாம் எண்ணுவோம். ஆனால் பன்னிருவர் கொண்ட ஜூரி, ஹேவுட் பாட்டர்ஸன் குற்றவாளியே என்று கூறி, மீண்டும் மின்சார நாற்காலிக்கு அனுப்பிற்று.

அவ்வழக்கை விசாரித்தவர் நீதிபதி ஜேம்ஸ் எட்வின் ஹார்ட்டன். அம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். மருத்துவர் சாட்சியத்தை அவர் வரிவரியாக ஆராய்ந்தார். குற்றம் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட சிறிது நேரத்துக்குள் இரு பெண்களையும் பரிசோதித்த மருத்துவர் கண்டவை, அவர்கள் கூறிய கதைக்குப் பொருந்தவில்லை. ஜூன் 22-ஆம் நாள், ஜூரியின் முடிவைத் தள்ளிவிட்டு மறு விசாரணைக்கு ஆணையிட்டார். தீர்ப்பை மாற்றினால் பதவி போகும் என்று அவருக்கு முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. அங்கே நீதிபதிகளை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். மறு ஆண்டு, 1934-இல், ஹார்ட்டன் தேர்தலில் தோற்றார். அதன்பின் அவர் நீதிபதி ஆசனத்தில் அமரவே இல்லை. தம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார். ஒரு தண்டனையை நீக்கியதற்காக, மக்கள் நீதிபதியைத் தண்டித்தார்கள்.

வழக்கு வேறொரு நீதிபதியிடம் மாற்றப்பட்டது. மீண்டும் மரண தண்டனை, மீண்டும் மேல்முறையீடு. 1935-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கறுப்பினத்தவரை ஜூரிப் பட்டியலிலிருந்து திட்டமிட்டு ஒதுக்கியதைக் காரணங்காட்டி இரண்டாம் முறையாகத் தண்டனைகளை ரத்து செய்தது. ஒதுக்கவில்லை என்று காட்டுவதற்காகப் பட்டியலில் பின்னால் சில பெயர்களை எழுதிச் சேர்த்திருந்த மோசடியை லீபோவிட்ஸ் நீதிபதிகளின் கண்முன் வைத்தார்.

இறுதியில், 1937-ஆம் ஆண்டு ஜூலையில், ஒரு விசித்திரமான முடிவு ஏற்பட்டது. ஐவர் சிறையிலேயே இருந்தனர். நால்வர் மீதிருந்த வழக்கு வாபஸ் பெறப்பட்டது. மாண்ட்கோமரியும் ராபர்ஸனும் குற்றமற்றவர்கள் எனத் தாம் நம்புவதாக அரசுத் தரப்பே அறிவித்தது. ராய் ரைட்டும் யூஜின் வில்லியம்ஸும் சம்பவ காலத்தில் சிறுவர்கள் என்பதாலும், ஆறு ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்துவிட்டார்கள் என்பதாலும் விடுவிக்கப்படுவதாகக் கூறிற்று. ஒரே சாட்சி, ஒரே கதை. அதைக் கொண்டு சிலர் குற்றவாளிகள், நால்வர் சுதந்தர மனிதர்கள் என்றால் அது எப்படிப் பொருந்தும் என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் பல கேட்டன.

விடுதலையான நால்வரும் நியூயார்க் வந்து இறங்கியபோது, ரயில் நிலையத்தில் பெருந்திரள் அவர்களை வரவேற்றது. ஆனால் அந்த அன்பும் ஒரு சோதனையாகவே முடிந்தது. சில வாரங்களில் அவர்கள் ஹார்லெம் பகுதியின் நாடக மேடையில் காட்சிப் பொருளாக நிறுத்தப்பட்டனர். கூட்டம் பார்த்தது, கைதட்டியது, கலைந்தது. பதின்மூன்று வயதில் சிறை புகுந்து பத்தொன்பதில் வெளிவந்தவனுக்கு, எழுத்தறிவும் தொழிலும் கற்பிக்க வேண்டும் என்னும் எண்ணம் மிகச் சிலருக்கே இருந்தது. ராய் ரைட்டின் வாழ்வு 1959-இல் துயரமாக முடிந்தது. தன் மனைவியைக் கொன்று தானும் மாய்த்துக்கொண்டான். சிறை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது ஆறு ஆண்டுகளை மட்டுந்தானா என்பதை யார் அறுதியிட்டுச் சொல்ல முடியும்?

அலபாமாவிலும் மனம் மாறியவர்கள் இருந்தனர். மாண்ட்கோமரி நகரத்துப் பத்திரிகை ஆசிரியர் குரோவர் ஹால், தொடக்கத்தில் சிறுவர்களுக்காகப் பேசியவர்களைக் கடுமையாகச் சாடியவர். பின்னர் அவரே எஞ்சியவர்களை விடுவிக்கவேண்டும் என்று முயன்றார். ஆளுநர் இணங்குவதாகச் சொல்லி, 1938-இல் பின்வாங்கிவிட்டார். கடைசி ஆளான ஆண்டி ரைட் 1950-இல்தான் சிறையை விட்டு நீங்கினான். கிளாரன்ஸ் நாரிஸ் 1946-இல் நிபந்தனை விடுதலையை மீறி மாநிலத்தை விட்டு ஓடி, சகோதரனின் பெயரில் முப்பது ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தார். 1976-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். எஞ்சிய மூவருக்கு, அவர்கள் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 2013-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மன்னிப்பு வழங்கப்பட்டது. சம்பவம் நிகழ்ந்து 82 ஆண்டுகள் சென்றிருந்தன.

இங்கே, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அரசாங்கக் காகிதங்களைத் தமிழில் பெயர்க்கும்போது சில சொற்களை நாங்கள் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக வைக்கக்கூடாது. 'தண்டனை ரத்து' என்பது ஒன்று. 'வழக்கு வாபஸ்' என்பது ஒன்று. 'குற்றமற்றவர் எனத் தீர்ப்பு' என்பது ஒன்று. 'மன்னிப்பு' என்பது முற்றிலும் வேறொன்று. தண்டனை ரத்தானால் விசாரணை முறையாக நடக்கவில்லை என்று மட்டும் பொருள் கொள்ளலாம். மன்னிப்போ, செய்த பிழைக்குத்தான் அளிக்கப்படும். பிழையே செய்யாதவனை எதற்காக மன்னிப்பது? ஆயினும் ஸ்காட்ஸ்பரோ சிறுவர்களுக்கு இறுதியில் கிடைத்த சொல் அதுவே. பொதுஜனங்களோ இந்த நான்கு சொற்களையும் ஒன்றாகக் கலந்து, 'தப்பிவிட்டான்' என்ற ஐந்தாவது சொல்லை வைத்துக்கொள்கிறார்கள்.

கிளாரன்ஸ் நாரிஸ் 1989-ஆம் ஆண்டு ஜனவரியில் காலமானார். ஒன்பது பேரில் கடைசியாக எஞ்சியிருந்தவர் அவரே. அதே ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் இரவு, நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவில் ஓடிப் பயிற்சி செய்துகொண்டிருந்த 28 வயதுப் பெண் ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டு, பாலியல் வன்முறைக்கு ஆளாகி, குற்றுயிராகக் கிடந்தார். இது புனைந்துரை அன்று. நகரமே பதறிய உண்மையான கொடுமை. 14 வயது முதல் 16 வயது வரையுள்ள ஐந்து சிறுவர்களைப் போலீசார் பிடித்தனர். நால்வர் கறுப்பினத்தவர், ஒருவர் லத்தீன் அமெரிக்க வம்சத்தவர். பல மணி நேர விசாரணைக்குப் பின் அவர்கள் ஒப்புதல் வாக்குமூலம் அளித்ததாகச் சொல்லப்பட்டது. பத்திரிகைகள் அவர்களை ஓநாய்க் கூட்டம் என்று எழுதின. மரண தண்டனையை மீண்டும் கொண்டுவர வேண்டுமென நான்கு நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரம் செய்தார் ஒரு கட்டட வணிகர். பிற்காலத்தில் அந்நாட்டின் ஜனாதிபதியான டொனால்ட் டிரம்ப்பே அவர். சம்பவ இடத்தில் கிடைத்த மரபணுச் சான்று ஐவரில் எவருக்கும் பொருந்தவில்லை. ஆயினும் 1990-இல் ஐவரும் தண்டிக்கப்பட்டனர்.

2002-ஆம் ஆண்டு, வேறு குற்றங்களுக்காக ஆயுள் தண்டனை அனுபவித்துவந்த ஒரு கைதி, அக்குற்றத்தைத் தான் தனியாகச் செய்ததாக ஒப்புக்கொண்டான். மரபணுச் சோதனை அதை உறுதி செய்தது. அரசு வழக்கறிஞரே கேட்டுக்கொள்ள, டிசம்பர் 19-ஆம் நாள் ஐவரின் தண்டனைகளும் ரத்து செய்யப்பட்டன. அதற்குள் அவர்கள் ஏறக்குறைய ஆறு முதல் பதின்மூன்று ஆண்டுகள் வரை சிறையில் கழித்திருந்தார்கள்.

அப்போதும் என்ன நடந்தது? அடுத்த மாதமே, காவல்துறை ஆணையர் அமைத்த ஒரு குழு, போலீசார் மீது தவறில்லை என்றும், சிறுவர்கள் எவ்வகையிலேனும் தாக்குதலில் கலந்துகொண்டிருக்கக் கூடும் என்றும் அறிக்கை தந்தது. நட்ட ஈட்டு வழக்கு பதினோர் ஆண்டுகள் இழுத்தடிக்கப்பட்டு, 2014-இல் ஏறக்குறைய 4 கோடியே 10 லட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று. நகர நிர்வாகம் தன் பிழையை ஒப்புக்கொள்ளவில்லை. அது வெட்கக்கேடான சமரசம் என்று முன்னர் விளம்பரம் செய்தவரே பத்திரிகையில் எழுதினார். மறுபுறம், 2012-இல் வெளிவந்த ஆவணப்படமும் 2019-இல் வந்த தொலைக்காட்சித் தொடரும் மக்களின் எண்ணத்தைப் பெரிதும் மாற்றின. அப்போது எழுந்த சினம் அன்றைய அரசு வழக்கறிஞர்கள் மீது திரும்பிற்று. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில், அதே பூங்காவின் ஒரு வாயிலுக்குப் பழி நீங்கியவர்களின் பெயரால் பெயரிடப்பட்டது. ஐவரில் ஒருவரான யூசுப் சலாம் 2023-இல் அந்நகர மன்றத்துக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தண்டனை ரத்தான நாளுக்கும் இதற்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். நீதிமன்றம் தன் பிழையைத் திருத்திக்கொள்ள வழிகள் உண்டு, மேல்முறையீடு உண்டு, மறு ஆய்வு உண்டு. மக்களின் மனத்துக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. மேலும், கொடுமைக்கு ஆளானவர்பால் நாம் கொண்ட இரக்கம் மெய்யானது. அந்த இரக்கம் ஒரு முகத்தின் மீது கோபமாகப் படிந்துவிட்ட பிறகு, முகம் தவறானது என்று கேட்கும்போது, இரக்கத்தையே கைவிடச் சொல்வதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மை அதற்கு மாறானது. குற்றமற்ற சிறுவன் சிறையில் கிடக்கும்வரை மெய்யான குற்றவாளியைத் தேடுவார் இல்லை. சென்ட்ரல் பூங்கா வழக்கில் உண்மைக் குற்றவாளி வெளிப்பட்டபோது, காலவரையறை கடந்துவிட்டதால் அக்குற்றத்துக்காக அவன்மீது வழக்குத் தொடரவும் இயலவில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கும் நீதி கிட்டவில்லை.

கடல் கடந்த நாட்டாரைக் குறை கூறி முடித்துவிட எனக்கு மனமில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பு, நான் வேலையில் சேர்ந்து தில்லிக்கு வந்த புதிதில், நம்மவர் நடத்திய ஓர் உணவு விடுதியில் தங்கியிருந்தேன். அங்கே எடுபிடி வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். வயது பதினைந்து இருக்கும். அண்டை வீட்டு மாமி ஒருவரின் சங்கிலி காணாமற் போயிற்று. அன்று அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனவன் அவன் என்பதே போதிய சாட்சியாயிற்று. போலீஸ் நிலையத்தில் ஓர் இரவு கழித்து வந்தான். மூன்று வாரம் சென்று, தையல் இயந்திரத்தின் இழுப்பறைக்குப் பின்னால் சங்கிலி கிடைத்தது. மாமி கண்கலங்கி, "தம்பி, என்னை மன்னிச்சுடுப்பா" என்று நேரில் வந்து கேட்டார். அவரைக் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் விடுதியில் இருந்த நாங்கள்? நெருப்பில்லாமல் புகையுமா என்று ஒருவர் சொன்னார். வேறொருவர், பயந்துபோய்த் திருப்பி வைத்திருப்பான் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆயின் அதற்கு முன்பு மேசை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப்போகும் கைக்கடிகாரத்தை, சங்கிலி கிடைத்த பிறகும் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டுதான் சென்றேன். அதை அவன் ஒரு நாள் பார்த்துவிட்டான். அந்த மாதக் கூலியை வாங்கிக்கொண்டு அவன் ஊருக்குப் போய்விட்டான். சங்கிலி தொலைந்தபோது அவன் போகவில்லை. அது கிடைத்த பிறகே போனான் என்பது இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

நம் நாட்டுச் சட்டம் இந்த மனித பலவீனத்தை ஓரளவு கண்டறிந்தே இயற்றப்பட்டிருக்கிறது. சிறுவர்களுக்கெனத் தனிச் சட்டம் இந்தியாவில் முதன்முதலில் நிறைவேறியது சென்னை மாகாணத்தில், 1920-ஆம் ஆண்டில். இன்று நடைமுறையிலுள்ள 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, வழக்கில் சிக்கிய சிறுவரின் பெயரையோ முகத்தையோ பத்திரிகைகள் வெளியிடலாகாது எனத் தடுக்கிறது. 24-ஆவது பிரிவு, தவறு செய்ததாக முடிவானாலுங்கூட, அதனால் அச்சிறுவருக்குப் பிற்காலத்தில் தகுதிக்குறைவு எதுவும் நேரலாகாது என்கிறது. பதினாறு வயது நிறைந்தபின் கொடிய குற்றம் புரிந்து, சிறார் நீதிமன்றத்தில் பெரியவர்போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. தவறு செய்த சிறுவனுக்கே சட்டம் இவ்வளவு இடம் தருமானால், செய்யாதவனுக்கு நாம் எவ்வளவு இடம் தரவேண்டும்?

ஸ்காட்ஸ்பரோவில் இன்று அந்த ஒன்பது பேரின் நினைவாக ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 2010-இல் அது திறக்கப்பட்டது. அன்று ஆரவாரம் செய்த ஊரே இன்று அதை வைத்துப் பேணுகிறது. ஊரார் மனமும் மாறும் என்பதற்கு அது சான்று. ஆனால் அந்த ஒன்பது பேரில் ஒருவரேனும் அதைக் காண உயிரோடு இல்லை. நம் மனம் மாறுவதற்கு அவ்வளவு காலம் ஆகவேண்டியதில்லை. ஒருவன்மீது விழுந்த பழி பொய் என்று தெரிந்த அன்றைக்கே, அவனை அழைத்து நம்மோடு உட்காரவைத்துச் சோறு போடுவது நம் கையில்தான் இருக்கிறது.